கோதுமை வயலுக்கு அடியில் வில்லா இருக்கிறதா? கெட்டன் அகழாய்வு காட்டும் வழி

இங்கிலாந்தின் கிழக்கு மத்தியப் பகுதியில் ரட்லாண்ட் என்ற சிறிய மாவட்டம் இருக்கிறது. 2020 ஊரடங்குக் காலத்தில் அங்குள்ள கெட்டன் என்ற ஊருக்கு அருகே, ஒரு நில உரிமையாளரின் மகன் குடும்பத்தோடு தங்கள் வயல் பக்கம் நடக்கப் போயிருந்தார். கோதுமைக்கு நடுவே வழக்கத்துக்கு மாறான பானை ஓடுகள் கிடந்தன. பிறகு அந்த வயலின் சாட்டிலைட் படத்தைப் பார்த்தால், பயிருக்குள் ஒரு கட்டடத்தின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. லெஸ்டர்ஷயர் மாவட்ட மன்றத்தின் தொல்லியல் பிரிவுக்குச் செய்தி போனது. அங்கிருந்து பழஞ்சின்னங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்புக்கும் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகழாய்வுக் குழுவுக்கும் போனது. மண்ணுக்குள் இருந்தது ரோமானியர் காலத்துப் பண்ணை வீடு. 2021 நவம்பரில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது அதன் பெயர் 'ரட்லாண்ட் வில்லா'. ஏறக்குறைய 11 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மொசைக் தரை, சின்னச் சின்னக் கற்களைப் பதித்துப் படம் வரைந்தது. அதில் ட்ராய் போர்க் காட்சிகள். பிரிட்டனில் அதுவரை கிடைத்த மொசைக்குகளில் இந்தக் கதையைச் சொல்லும் முதல் தரை அதுதான்.

செய்திகள் எல்லாம் இந்தத் தரையைச் சுற்றியே வந்தன. அதில் தப்பில்லை, அத்தனை அழகான பொருள் அது. ஆனால் ஒரு வயலில் கிடக்கும் ஓட்டுக்கும் 'இங்கே ரோமானிய வில்லா இருந்தது' என்ற முடிவுக்கும் நடுவே நீண்ட வேலை இருக்கிறது. தொல்லியலில் எனக்கு அதிகம் பிடித்த பகுதியே அதுதான். பிரிட்டனின் மாவட்டத் தொல்லியல் பதிவேடுகளில் எத்தனையோ இடங்கள் 'வில்லாவாக இருக்கலாம்' என்ற குறிப்போடு நிற்கின்றன. அந்த 'இருக்கலாம்' எப்படி 'இருந்தது' ஆகிறது?

முதலில், எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ரோமானியர் காலத்து வில்லா என்பது வெறும் சொகுசு வீடு இல்லை. நிலபுலன், களஞ்சியம், கால்நடைத் தொழுவம், வேலையாட்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பண்ணை. அதன் நடுவே, அல்லது ஒரு பக்கத்தில், ரோமானிய பாணியில் கட்டிய வீடு. கல் அஸ்திவாரம், ஓட்டுக்கூரை, வண்ணம் பூசிய சுவர், தரைக்கு அடியில் சூடான காற்று ஓடும் அறை, குளியல் கூடம், மொசைக் என்று இவற்றில் பலவும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ரோமானியக் கூரை ஓடு கிடைத்த இடமெல்லாம் வில்லா ஆகிவிடாது. கோயிலுக்கும் ஓட்டுக்கூரை உண்டு. அரசு அலுவலர்கள் தங்கிய சாலையோர விடுதிக்கும் குளியல் கூடம் உண்டு. அப்புறம், பழைய கட்டடம் இடிந்ததும் அதன் கல்லையும் ஓட்டையும் பெயர்த்துக்கொண்டு போய் வேறு இடத்தில் கட்டுவது அன்றைக்கும் சாதாரணமாக நடந்திருக்கிறது.

இதில் எண்ணிக்கையும் முக்கியம். ரோமானியர் காலப் பிரிட்டனின் கிராமப்புறத்தை முழுதாகப் பார்க்க ரெடிங் பல்கலைக்கழகமும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு, தோண்டப்பட்ட 2,500க்கும் மேற்பட்ட குடியிருப்புகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வில்லாக்கள் சிறு பங்குதான். பெரும்பாலான மக்கள் வாழ்ந்தது சாதாரண வேளாண் குடியிருப்புகளில். மரமும் மண்ணும் கூரைவேய்ந்த புல்லும் கொண்ட வீடுகள். வில்லாக்களும் நாடு முழுக்கப் பரவியிருக்கவில்லை, தெற்கிலும் கிழக்கிலும் அதிகம். வடக்கிலும் மேற்கிலும் மிகக் குறைவு. ஆகவே ஒரு வயலில் ரோமானியர் காலப் பானை ஓடு கிடைத்தால், முதலில் நினைக்க வேண்டியது ஒரு எளிய உழவர் குடியிருப்பைத்தான். வில்லா என்று சொல்ல அதற்கு மேல் சான்று வேண்டும்.

சரி, தோண்டாமல் என்னென்ன தெரியும்? நிறையவே தெரியும். கெட்டனில் சாட்டிலைட் படத்தில் தெரிந்தது பயிர்த்தடம். மண்ணுக்கு அடியில் கல் சுவர் இருந்தால் அதன் மேல் மண் ஆழம் குறைவு. வேர் இறங்க இடமில்லை, ஈரமும் தங்காது. அந்த வரிசையில் உள்ள பயிர் குட்டையாக நின்று, மற்றதைவிட முன்னதாகவே வெளிறிவிடும். பழைய அகழி தூர்ந்துபோன இடத்தில் நேர்மாறு. அங்கே மண் ஆழம், ஈரம் அதிகம். பயிர் உயரமாக, நீண்ட நாள் பச்சையாக நிற்கும். தரையில் நிற்பவருக்கு இது தெரியாது, மேலே இருந்து பார்த்தால் ஒரு வரைபடமே தெரியும். முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த அனுபவமுள்ள ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு 1920களில் இதை ஒரு ஆய்வு முறையாகவே வளர்த்தெடுத்தார். மழை பொய்த்த கோடைதான் இதற்கு ஏற்ற காலம். 2018இல் பிரிட்டன் காய்ந்து கிடந்தபோது வேல்ஸில் அதுவரை யாரும் அறியாத பல இடங்கள் இப்படி வெளிப்பட்டன. உழவருக்குக் கெட்ட வருஷம், தொல்லியலாளருக்கு அரிய வருஷம்.

ஆனால் பயிர்த்தடம் காலத்தைச் சொல்லாது. செவ்வகமாக ஒரு சுவர் தெரிந்தால் அது ரோமானியரதாகவும் இருக்கலாம், இடைக்காலத்துக் கொட்டகையாகவும் இருக்கலாம். எனவே அடுத்து புவியியற்பியல் ஆய்வு வருகிறது. இதில் பெரிதும் பயன்படுவது காந்தப்புலத்தை அளக்கும் மேக்னட்டோமீட்டர். அதன் அலகு நானோடெஸ்லா. பிரிட்டனில் பூமியின் காந்தப்புலம் சுமார் 50,000 நானோடெஸ்லா. பழைய அகழியோ அடுப்போ அதில் உண்டாக்கும் மாற்றம் பல நேரம் ஒரு சில நானோடெஸ்லாதான். நெருப்பில் சுட்ட மண் ஆறும்போது அப்போதைய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. அதனால் சூளையும் அடுப்பும் கருவியில் பளிச்சென்று காட்டும். இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் இரும்புப் பொத்தானோ பெல்ட் கொக்கியோ போட்டிருக்கக் கூடாது, அவ்வளவு நுட்பமான அளவீடு.

கல் சுவரைப் பிடிக்க மின்தடை அளவீடு இன்னும் பொருத்தம். ஈரமண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும், காய்ந்த கல்லில் தடைபடும். தடை அதிகமான புள்ளிகளை வரிசையாகப் பார்த்தால் சுவர் தெரியும். நிலத்துக்குள் அலைகளை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும் ராடார் இன்னொரு படி மேலே போய், எது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றும் காட்டும். களிமண் நிலத்தில் மட்டும் அதன் அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். ஒரு கருவி சொல்வதை இன்னொன்று ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதில்தான் நம்பிக்கை வருகிறது.

கெட்டனில் இந்த ஆய்வு காட்டிய படம்தான் வழக்கின் திருப்பம் என்பேன். பெரிய வீடு மட்டும் இல்லை. அதைச் சுற்றிலும் தூண் வரிசை கொண்ட நீண்ட களஞ்சியங்கள், வட்டமான கட்டடங்கள், குளியல் கூடமாக இருக்கக்கூடிய ஒன்று. எல்லாவற்றையும் சுற்றி எல்லை அகழிகள். அதாவது, ஒரு முழுப் பண்ணையின் அமைப்பு. மொசைக் எவ்வளவு பேர்பெற்றாலும், 'இது வில்லா' என்ற முடிவைத் தாங்கி நிற்பது இந்த வரைபடம்தான்.

கருவிக்கு அடுத்தது காலால் நடந்து தேடுவது. உழுத வயலில் ஆட்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வரிசையாக நடந்து, கண்ணில் படும் ஓடு, கல், எலும்பு, சிப்பி எல்லாவற்றையும் இடம் குறித்து எடுப்பார்கள். எந்தப் பொருள் கிடைக்கிறது என்பது முக்கியம். சிவப்புப் பளபளப்பு கொண்ட, 'கால்' (Gaul) என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து வந்த சேமியன் பாத்திரத் துண்டு ரோமானிய வணிகத்தோடு தொடர்பைக் காட்டும். உள்ளே பொள்ளலாக, வெளிப்பரப்பில் சீப்பால் இழுத்தது போலக் கோடுகள் உள்ள செங்கல் துண்டு கிடைத்தால் ஆய்வாளரின் குரலே மாறிவிடும். சூடான காற்றைச் சுவர் வழியாக மேலே கொண்டுபோகும் குழாய் ஓடு அது. பூச்சு நன்றாகப் பிடிக்கத்தான் அந்தக் கோடுகள். அது இருந்தால் சூடேற்றிய அறை அருகே எங்கோ இருந்திருக்கிறது. சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சதுரக் கற்கள் கலப்பையோடு மேலே வந்திருந்தால் அடியில் மொசைக் இருக்கிறது. கூடவே அது சிதைந்துகொண்டிருக்கிறது என்ற கெட்ட செய்தியும் அதில் இருக்கிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. நம் ஊரில் வயலுக்குக் குப்பை அடிப்பது போலவே அங்கேயும் வீட்டுக் குப்பைமேட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வயலில் கொட்டினார்கள். எருவோடு உடைந்த பானையும் போகும். ஆகவே ஒரு வயல் முழுக்க ரோமானியர் காலப் பானை ஓடு மெலிதாகச் சிதறிக் கிடந்தால், அங்கே வீடு இருந்தது என்று பொருள் இல்லை. அந்த வயல் அப்போது சாகுபடியில் இருந்தது என்றுதான் பொருள். ஓடுகள் தேய்ந்து, சின்னதாக, சீராகப் பரவியிருந்தால் எருவோடு வந்தவை. பெரிய, முனை கூர்மையான துண்டுகள் ஒரே இடத்தில் குவிந்து, கூடவே கூரை ஓடும் சுண்ணாம்புச் சாந்தும் இருந்தால் கட்டடம். அனுபவம் இல்லாதவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இவ்வளவும் ஆன பிறகே மண்வெட்டி. அதுவும் முழு வயலையும் திறப்பதற்கு இல்லை. குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும் இடத்தில் ஒரு நீண்ட சோதனைக் குழி: வீட்டுச் சுவரும் முற்றமும் சந்திக்கும் இடம், எல்லை அகழியைக் குறுக்காக வெட்டும் இடம், இரண்டு கட்டடங்கள் ஒன்றின் மேல் ஒன்று வரும் இடம். எது முந்தியது, எது பிந்தியது என்பதை மண்ணடுக்கு சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் தனியாகப் பிரித்து, எண் கொடுத்து, வரைந்து, அப்புறம்தான் எடுக்க வேண்டும். எடுத்த மண்ணையும் வெறுமனே கொட்டுவதில்லை. ஒரு பங்கை நீரில் அலசினால் கருகிய தானியமும் களை விதையும் மிதந்து வரும். பண்ணையில் எதை விளைவித்தார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

19ஆம் நூற்றாண்டில் இப்படிச் செய்யவில்லை. அன்றைய அகழாய்வாளர்கள் ஒரு சுவரைக் கண்டுபிடித்ததும் அதன் ஓரமாகவே தோண்டிக்கொண்டு போனார்கள். கட்டடத்தின் வரைபடம் விரைவாகக் கிடைத்தது. அழகான மொசைக் கிடைத்தது, நாணயங்கள் கிடைத்தன. ஆனால் சுவருக்கும் அதைத் தொட்டிருந்த தரை அடுக்குகளுக்கும் இருந்த தொடர்பு அந்த ஒடுக்கமான குழியிலேயே அறுந்துபோனது. சுவர் எப்போது எழுந்தது, தரை எத்தனை முறை போடப்பட்டது, வீடு எப்போது கைவிடப்பட்டது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இருந்த இடம் அதுதான். கடைசிக் காலத்து எளிய குடிசைத் தடங்களையும் மேல்மண் என்று நினைத்து வாரிக் கொட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற வில்லாக்கள் பலவற்றைப் பற்றி நமக்குத் தெரிவது அவற்றின் செல்வச் செழிப்பான நாட்கள் மட்டும்தான் என்பதற்கு இது பெரிய காரணம். அது ஒரு பெரும் இழப்பு.

இந்தப் பழக்கத்தை உடைத்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர். 1930களில் வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தையும் மெய்டன் காசில் கோட்டையையும் தோண்டியபோது, இடையில் மண்சுவர் விட்டுச் சதுரச் சதுரமாகக் குழி வெட்டும் முறையை அவரும் அவர் மனைவி டெஸ்ஸா வீலரும் வளர்த்தார்கள். இடையில் விட்ட அந்த மண்சுவரின் பக்கவாட்டில் அடுக்குகள் எப்போதும் கண்முன்னே நிற்கும். 1944இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்த வீலர், அடுத்த ஆண்டு புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அதே முறையில் தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்புப் பாத்திரங்களும் ஆம்போரா சாடித் துண்டுகளும் அங்கே எந்த அடுக்கில் வந்தன என்பதை வைத்து, அதே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முயன்றார். அவர் போட்ட காலக்கணிப்பைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்து வயலில் பயன்படும் அதே தர்க்கம்தான் நம் கடற்கரையிலும் பயன்பட்டது: காலம் தெரிந்த பொருளை வைத்து, அது கிடந்த அடுக்கைப் படிப்பது.

கெட்டனுக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் முதல் அகழாய்வு, 2021 செப்டம்பரில் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்த அடுத்த கட்டம். பெரிய அறை ஒன்றின் தரையாக இருந்த மொசைக் வெளிப்பட்டது. விருந்து அறையாக இருக்க வேண்டும். கிபி 3 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் மிகவும் வசதியான ஒருவரின் வீடு. மூன்று காட்சிகள். கிரேக்க வீரன் அக்கிலீஸும் ட்ராய் இளவரசன் ஹெக்டரும் தேரில் மோதுகிறார்கள். அக்கிலீஸ் ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். கடைசியில் மகனின் உடலை மீட்கத் தந்தை பிரியாம் வருகிறார். ஒரு தராசின் ஒரு தட்டில் உடல், மறு தட்டில் பொன்.

இந்தத் தராசு விஷயம் ஆய்வாளர்களை நிறைய யோசிக்க வைத்தது. ஹோமரின் காவியத்தில் உடலைப் பொன்னுக்கு எடை போடும் காட்சி இல்லை. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் அழிந்துபோன நாடகம் ஒன்றில் அது இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. லெஸ்டர் ஆய்வாளர்கள் பின்னால் வெளியிட்ட கட்டுரை, மொசைக் பின்பற்றுவது அந்த மரபைத்தான் என்று வாதிடுகிறது. அதில் சில உருவங்களின் அமைப்பு பல நூற்றாண்டு முந்திய கிரேக்கப் பானை ஓவியங்களை ஒத்திருப்பதையும் காட்டுகிறது. ரோமப் பேரரசின் வடமேற்கு ஓரத்தில் ஒரு பண்ணைக்காரர், ஹோமரிடம் இல்லாத ஒரு கதை வடிவத்தைத் தன் விருந்தினர் காலடியில் விரித்திருக்கிறார். கேட்கவே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

இருந்தாலும் 2022இல் கிடைத்த களஞ்சியத்தை நான் இதற்குக் குறைவாக எடை போட மாட்டேன். ஒரு சிறிய தேவாலயம் அளவுக்குப் பெரிய கட்டடம் அது. தொடக்கத்தில் பெரிய மரத் தூண்களின் மேல் நின்றது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டில் அதைக் கல்லில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு முனையில் குடியிருப்பு, மறு முனையில் வேளாண்மை அல்லது கைத்தொழில் வேலை. குடியிருப்புப் பக்கத்தில் ரோமானிய பாணிக் குளியல் அறைகள்: நீராவி அறை, வெதுவெதுப்பான அறை, குளிர்ந்த அறை. அங்கே யார் குளித்தார்கள்? பண்ணையை நடத்திய மேலாளரா, குடும்பத்தின் இன்னொரு கிளையா? விருந்து அறை ஒரு குடும்பத்தின் ரசனையைச் சொல்கிறது என்றால், அந்த ரசனைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வது களஞ்சியம். 359இல் ரோமானியத் துணைப் பேரரசராக இருந்த ஜூலியன், பிரிட்டனிலிருந்து ரைன் நதிக்கரைப் படைகளுக்குத் தானியக் கப்பல்கள் வர வழி செய்ததை அக்கால வரலாற்று எழுத்துகள் பதிவு செய்திருக்கின்றன. தெற்குப் பிரிட்டனின் பண்ணைகள் உபரி விளைவித்த காலம் அது. வில்லாக்கள் மிகச் செழித்திருந்ததும் அதே நூற்றாண்டில்தான்.

மொசைக்கின் மேலே நெருப்பு எரிந்த கறையும் உடைப்புகளும் உண்டு. அந்த அறையின் விருந்துக்காலம் முடிந்த பிறகும் யாரோ அதே கூரைக்கடியில் வேறு வேலை பார்த்திருக்கிறார்கள். அதற்கும் பின்னால், கட்டடம் கைவிடப்பட்ட பிறகு, இடிபாட்டுக்குள் மனிதர்களைப் புதைத்திருக்கிறார்கள். தரையை மட்டும் தேடிப் போகிற அகழாய்வு இந்த இரண்டையும் தவற விட்டிருக்கும்.

இடம் இன்று அரசின் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். அனுமதி இல்லாமல் அங்கே தோண்டுவதும் மெட்டல் டிடெக்டரோடு நுழைவதும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரவில் திருட்டுத்தனமாகப் பொருள் தேடுபவர்கள் பிரிட்டனில் உண்மையான தொல்லை. ஒரு நாணயத்தை எடுப்பதற்காக நான்கு அடுக்குகளைக் குழப்பிவிடுவார்கள். இன்னொரு எதிரி கலப்பை. ஒவ்வொரு உழவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரை பெயர்கிறது. ஆகவே மொசைக்கைப் பதிவு செய்த பின் மீண்டும் மண்ணால் மூடினார்கள். அந்த நிலத்தைப் புல்லுக்கும் தேனீ, வண்ணத்துப்பூச்சிகளுக்கான செடிகளுக்கும் மாற்ற நில உரிமையாளரோடு ஏற்பாடு செய்தார்கள்.

இவ்வளவு அருமையான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு ஏன் மூட வேண்டும் என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் க்ளாஸ்டர்ஷயரில் உள்ள செட்வொர்த் வில்லாவில் நடந்ததைப் பார்த்தால் மூடியது சரி என்று தோன்றும். அது 1864இல் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே பெருமளவு தோண்டப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பு அங்கே ஒரு அறையை மீண்டும் ஆராய்ந்தது. அறையைப் பிரிக்க எழுப்பிய ஒரு சுவரின் அஸ்திவாரக் குழியில், முந்தைய ஆட்கள் கைபடாத மண்ணில், கரித் துண்டும் எலும்பும் கிடைத்தன. அவற்றில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் கார்பன் காலக்கணிப்பு, சுவர் 424க்கு முன் எழுந்திருக்க முடியாது என்று காட்டியது. அந்த அறையின் மொசைக் சுவருக்குப் பொருந்தும்படி போடப்பட்டது. ஆக, அந்தத் தரை 5ஆம் நூற்றாண்டினது. 410ஆம் ஆண்டுவாக்கில் ரோமானிய ஆட்சி முடிந்ததும் பிரிட்டனில் நாகரிக வாழ்க்கை சட்டென்று அறுந்தது, வில்லாக்கள் பாழடைந்தன என்று வெகுநாள் சொல்லப்பட்டு வந்தது. குறைந்தபட்சம் அந்தப் பள்ளத்தாக்கில், ஆட்சி போய் ஒரு தலைமுறை கழித்தும் மொசைக் போடத் தெரிந்த கைவினைஞர் இருந்திருக்கிறார், அவருக்குக் கூலி கொடுக்க ஒரு வீட்டுக்காரரும் இருந்திருக்கிறார். 1864இல் கார்பன் காலக்கணிப்பு என்ற ஒன்றே கிடையாது. அந்தக் குழி அன்றைக்கே திறக்கப்பட்டிருந்தால் கரித் துண்டும் எலும்பும் மற்ற மண்ணோடு கூடையில் போயிருக்கும்.